மேலே நிற்பவர்

செப்டிக் டேங்கை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை காலி செய்ய வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. வழிந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுகிறார்கள். வழியத் தொடங்கும்போது காலம் கடந்திருக்கும்.

எனக்குத் தெரியும். தெரிந்தும் ஏழு ஆண்டுகள் விட்டுவிட்டேன். ஆகவே, ஆய்வாளர் அம்மா, அந்த ஏழு ஆண்டுகளிலிருந்து தொடங்க என்னை அனுமதியுங்கள். நேற்று உங்கள் எழுத்தர் எழுதிக்கொண்ட வாக்குமூலத்தில் பிழைகள் இருந்தன. அவை அவருடைய பிழைகள் அல்ல.

என் பெயர் சோமசுந்தரம். வயது அறுபத்தேழு. சொந்த ஊர் அம்பாசமுத்திரத்துக்கு அருகில். தமிழ் இலக்கியம் படித்துவிட்டுச் சுரங்க வேலைக்கு வந்தவன். கடைசிப் பத்தொன்பது ஆண்டுகள் பாதுகாப்புப் பயிற்சிப் பிரிவில் இருந்தேன். காண்ட்ராக்ட் தொழிலாளர்கள் உள்ளே போவதற்கு முன் அரை நாள் என் வகுப்பில் உட்கார வேண்டும். விதிகளைத் தமிழில் எழுதியவன் நான். ஒரு விதிக்கு ஒரு செயல் என்பது என் முறை. படிக்கத் தெரியாதவரும் கேட்டவுடன் திருப்பிச் சொல்ல வேண்டும்.

தொட்டி, குழி, பெரிய குழாய் போன்ற மூடிய இடங்களில் இறங்குவோருக்கான விதிகள் இவை. காற்றை அளக்காமல் இறங்காதே. மேலே ஒருவர் நிற்காமல் இறங்காதே. மேலே நிற்பவர் எக்காரணம் கொண்டும் இடத்தை விட்டு அகலக் கூடாது. உள்ளே ஒருவர் விழுந்தால் நீயும் இறங்காதே, மூடியைத் திறந்தே வை, உடனே தீயணைப்பு நிலையத்தை அழை. இந்த நான்காவது விதியில் மட்டும் மூன்று செயல்கள் இருந்தன. பிரித்து எழுதியிருக்க வேண்டும்.

காண்ட்ராக்ட் தொழிலாளி பாவாடை என் வகுப்பில் இரண்டு முறை உட்கார்ந்தவர். கடைசி பெஞ்சு. நல்ல காற்றில் ஆக்சிஜன் இருபது புள்ளி ஒன்பது விழுக்காடு இருக்கும், மீட்டரில் அது குறைந்தால் உள்ளே போகக் கூடாது என்று சொன்னபோது அவர் எழுந்து, “அது கம்மியானா எங்க கூலியும் கம்மியா சார்?” என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த எண் வராவிட்டால் நான் பெர்மிட்டில் கையெழுத்துப் போட மாட்டேன், என் கையெழுத்து இல்லாமல் நீ இறங்க வேண்டாம் என்று அவருக்குச் சொன்னேன். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அந்த எண்ணை மட்டும் தூரத்திலிருந்தே அடையாளம் காண்பார். என் பணிக்காலத்தில் நான் கையெழுத்திட்ட குழி எதிலும் ஒருவரும் சாகவில்லை. இதை நீங்கள் விசாரித்துக்கொள்ளலாம்.

இருபத்தெட்டு ஆண்டுகள் நாங்கள் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அங்கே கழிவறையில் அடைப்பு என்றால் புகார்ப் புத்தகத்தில் எழுதிவிட்டு வந்துவிடலாம். நம்முடைய கழிவு எங்கே போகிறது என்று நினைக்க வேண்டியதில்லை. ஓய்வு பெற்றதும் வீட்டை ஒப்படைத்துவிட்டு, வடலூர் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு நகரில் சொந்தமாகக் கட்டினோம். அங்கே பாதாளச் சாக்கடை இல்லை. காலுக்குக் கீழே தொட்டி.

அது இரண்டு அறைத் தொட்டி. வீட்டுக் கழிவு முதல் அறையில் விழும். கசடு அடியில் தங்கும். நீர் மட்டும் நடுச்சுவரின் துவாரம் வழியாக இரண்டாம் அறைக்குப் போய், அங்கிருந்து உறிஞ்சு குழிக்குப் போகும். எளிய ஏற்பாடு. அதைக் கெடுக்கச் சில காரியங்கள் போதும். எல்லாவற்றையும் நாங்கள் செய்தோம். சமையலறை எண்ணெயைத் தொட்டியில் இறங்கும் குழாயிலேயே ஊற்றினோம். கிழியாத ஈரத்தாள்களைக் கழிவறையில் போட்டோம். முதல் அறையின் மூடிக்கற்கள் மீது கார் நிறுத்த டைல்ஸ் பதித்தேன். நல்ல வேலைப்பாடு, இணைப்புக்கூடத் தெரியாது. திறக்க வழி இல்லாததால் ஒருமுறையும் கசடு எடுக்கவில்லை. கடைசியாக, காற்றுக் குழாயின் தலையைச் சிமெண்ட் வைத்து மூடினேன்.

அதற்குக் காரணம் என் மகள் காயத்ரி. வயது முப்பத்து மூன்று. சென்ற ஆண்டு கோயம்புத்தூரிலிருந்து ஒரு குடும்பம் வந்து பார்த்தது. காபி குடித்தார்கள், சிரித்துப் பேசினார்கள், பிறகு பதிலே இல்லை. தரகரிடம் நான்கு முறை கேட்டபின், “வூட்ல ஏதோ வாடை அடிச்சிச்சாம் சார், அந்தம்மாவுக்குப் புடிக்கலையாம்” என்றார். காயத்ரி கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று முதல் அவள் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் வாசலில் ஒரு நொடி நின்று மூச்சை இழுத்துப் பார்ப்பாள். அதை நான் தினமும் பார்த்தேன். வாடை அவள் அறை ஜன்னலுக்கு அருகிலிருந்த காற்றுக் குழாயிலிருந்து வருகிறது என்று முடிவு செய்து மூடினேன். குழாயை மூடினால் வாயு உள்ளேயே தங்கும். இதுவும் எனக்குத் தெரியும்.

இந்தத் தை மாதம் கும்பகோணத்திலிருந்து ஒரு வரன் அமைந்தது. பையனுக்கும் காயத்ரிக்கும் பேசிப் பிடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்குத் தட்டு மாற்ற வருவதாகச் சொன்னார்கள்.

சனிக்கிழமை காலை குளியலறைத் தரையின் சல்லடை வழியாகத் தண்ணீர் மேலே வந்தது.

அம்மா, பயம் என்ற சொல்லை நான் எளிதில் பயன்படுத்துவதில்லை. அந்தத் தண்ணீர் வருவதற்கு முன் ஓர் ஓசை வரும். தரைக்குள் யாரோ தொண்டையைச் செருமுவதுபோல. அதைக் கேட்டவுடன் என் மனைவி சந்திரா ஓடி வந்தாள். சாக்கு விரித்தாள், பினாயில் ஊற்றினாள். கறுப்பாக ஏறுவது மட்டும் நிற்கவில்லை.

பிற்பகல் கழிவுநீர் லாரி வந்தது. ஓட்டுநர் பெயர் செங்குட்டுவன். பக்கவாட்டுச் சந்தில், பூந்தொட்டிகளுக்கு அடியில், இரண்டாம் அறையின் மூடிக்கல் ஒன்று மட்டும் டைல்ஸ் இல்லாமல் இருந்தது. அதன் வழியே குழாயை விட்டு உறிஞ்சினார். இரண்டாம் அறை காலியாயிற்று. முதல் அறை அப்படியே இருந்தது. நடுச்சுவர்த் துவாரம் அடைத்திருந்தது. கார் நிற்கும் இடத்தில் நான்கு டைல்ஸை உடைத்தால் அரை மணி நேர வேலை என்றார். நாளை விசேஷம், முடிந்த பிறகு உடைக்கலாம் என்றேன்.

“சமாதி மாதிரி மூடி வெச்சிகினு தொறக்க மாட்டேன்றீங்க. நான் இன்னா பண்ண முடியும் சார்?” என்று குழாயைச் சுருட்டினார். புறப்படும்போது திரும்பி வந்து, “ஆளு கீளு எறக்கிடாதீங்க. ஜெயிலு” என்றார்.

தெரியும் என்றேன்.

ஞாயிறு காலை ஆறு மணிக்குக் குளியலறை வாசற்படி வரை ஏறியிருந்தது. சந்திரா படியில் உட்கார்ந்துகொண்டு, “இவங்களும் மூக்கப் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போனா எம்பிள்ள கதி என்னங்க?” என்றாள். அழவில்லை. பதிலுக்காகக் காத்திருந்தாள். நான் பாவாடைக்குப் போன் செய்தேன். காண்ட்ராக்ட் முடிந்தபின் அவர் எங்கள் தோட்ட வேலைக்கு வந்துபோய்க்கொண்டிருந்தார். வயது நாற்பத்தெட்டு.

எட்டரைக்கு வந்தார். முதலில் மேலே நின்றபடியே மூங்கிலால் குத்திப் பார்த்தார். சந்து குறுகியது, மூங்கில் வளைந்து வரவில்லை. கைகளைக் கழுவிக்கொண்டு குழியையே பார்த்தார்.

“எறங்கினாதான் சார் ஆவும். மெசின் வெச்சுப் பாத்துட்டீங்களா?”

“பார்த்தாச்சு.”

“எவ்ளோ சார்?”

“இருபது புள்ளி ஒன்பது.”

என்னிடம் மீட்டர் இல்லை. ஓய்வு பெற்ற நாளிலேயே ஒப்படைத்துவிட்டேன். அவருக்கு அது தெரியாது. பாதுகாப்பு அலுவலர் வீட்டில் மீட்டர் இருக்கும் என்று அவர் எண்ணியதில் வியப்பில்லை.

“அப்ப பெர்மிட் போட்டுக் குடுங்க. பெர்மிட் இல்லாம எறங்கினா நீங்களே கேட்டுக்கு வெளிய தள்ளிடுவீங்க” என்று சிரித்தார். அவர் பாதி விளையாட்டாகக் கேட்டார். நான் உள்ளே போய் ஓர் உறையை எடுத்து, அதன் பின்புறத்தில் எழுதினேன். இடம், நாள், நேரம் ஒன்பது ஐந்து, ஆக்சிஜன் 20.9, நச்சுவாயு இல்லை. மேலே நிற்பவர் என்ற இடத்தில் என் பெயர். கையெழுத்து. அவர் சட்டைப் பையில் நீங்கள் எடுத்த தாள் அதுதான். அதை அவர் தாமாகவே வைத்திருந்ததாகவும், நான் பார்த்ததே இல்லை என்றும் நேற்றுச் சொன்னேன். அது பொய்.

அவர் அந்த எண்ணைப் பார்த்தார். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். “நீங்க மேல நிக்கறீங்கல்ல, அது போதும் சார்” என்றார்.

முந்தைய நாள் உறிஞ்சி எடுத்த அறை வெறுமையாக, ஏறக்குறையச் சுத்தமாகத் தெரிந்தது. வெறுமையாகத் தெரியும் அறையே மிக ஆபத்தானது. அடைப்பு உடையும்போது அடுத்த அறையின் கசடு கலங்கி, பல ஆண்டுகளாகத் தேங்கிய வாயு மொத்தமாக இந்தப் பக்கம் வரும். இதை நான் வகுப்புதோறும் சொல்லியிருக்கிறேன். அன்று சொல்லவில்லை. சொன்னால் அவர் இறங்கியிருக்க மாட்டார்.

கடப்பாரையோடு இறங்கினார். இடுப்பில் கயிறு இல்லை. மூன்று முறை குத்தினார். நான்காவது முறை ஏதோ பிய்ந்து விழுந்தது. வீட்டுக்குள் அந்தத் தொண்டைச் செருமல் நீளமாக ஒலித்து அடங்கியது. குளியலறையிலிருந்து சந்திரா, “இறங்கிடுச்சுங்க, எல்லாம் இறங்கிடுச்சுங்க” என்றாள். அப்படிப்பட்ட குரலை அவளிடம் நான் ஓராண்டாகக் கேட்டதில்லை.

அதே நேரத்தில் கீழேயிருந்து, “வுட்டுச்சு சார்” என்றார் பாவாடை. பிறகு, “கண்ணு எரியுது” என்றார். பிறகு, “சார்” என்று மட்டும்.

குனிந்து பார்த்தேன். அழுகிய முட்டை வாடை முகத்தில் அறைந்தது. சில நொடிகளில் அந்த வாடை நின்றுவிட்டது. நின்றது காற்று சுத்தமானதால் அல்ல. என் மூக்கு செயலிழந்ததால். ஓரடி பின்வாங்கினேன். அவர் சுவரில் சாய்ந்தவாறே சரிந்து உட்கார்ந்தார். நடுச்சுவர்த் துவாரத்திலிருந்து கறுப்பு நீர் கொட்டிக்கொண்டிருந்தது. அவர் இடுப்பு வரை வந்துவிட்டது. முகம் மேல்நோக்கி இருந்தது. கண்கள் திறந்திருந்தன.

நான் இறங்கவில்லை. இறங்கியிருந்தால் நானும் செத்திருப்பேன். நான்காவது விதியின் முதற்செயல் அதுவே. அதை முறையாகச் செய்தேன். அலைபேசி என் சட்டைப் பையில் இருந்தது.

அப்போது வாசலில் வேனின் ஹாரன் கேட்டது.

மணி ஒன்பது இருபத்தைந்து. சேத்தியாத்தோப்பில் நெரிசல் இருக்கும் என்று முன்கூட்டியே புறப்பட்டார்களாம். நெரிசல் இல்லை. வாசலில் நின்றால் சந்து நேராகத் தெரியும். நான் மூடிக்கல்லை இழுத்தேன். முந்தைய நாள் செங்குட்டுவனும் உதவியாளரும் சேர்ந்து நகர்த்திய கல். அன்று நான் ஒருவனே நகர்த்தினேன். மேலே நான்கு பூந்தொட்டிகளையும் வரிசையாக வைத்தேன். அவருடைய சட்டையைக் கொடியில் என் வேட்டிக்கு உட்புறமாகத் தள்ளிவிட்டேன். கை கழுவிக்கொண்டு வாசலுக்குப் போய் வணக்கம் சொன்னேன்.

பதினொரு பேர் வந்திருந்தார்கள். கூடத்தின் ஜன்னல் சந்தைப் பார்த்து இருக்கிறது. பையனின் தந்தை ஜன்னலோரம் அமர்ந்தார். கேசரி கொடுத்தோம். அவருடைய ஊரில் கோடையில் தண்ணீர் எத்தனை அடியில் கிடைக்கிறது என்று பேசிக்கொண்டிருந்தோம்.

ஒன்பதே முக்கால் வாக்கில் தட்டும் ஓசை கேட்கத் தொடங்கியது.

முதலில் ஒழுங்கில்லாமல் இருந்தது. இரும்பு கல்லில் படும் ஓசை. பிறகு ஒழுங்கு வந்தது. மூன்று தட்டு, இடைவெளி. மூன்று தட்டு, இடைவெளி. உள்ளே இருப்பவர் மூன்று முறை தட்டினால், ‘என்னை மேலே தூக்கு’ என்று பொருள். அது என் வகுப்பில் கற்றுக்கொடுக்கப்படும் குறிப்பு. பெஞ்சில் தட்டிக்காட்டி எல்லாரையும் திருப்பித் தட்டச் சொல்வேன்.

காயத்ரி தட்டில் காபி கொண்டுவந்தவள் நின்றாள். “என்ன சத்தம்ப்பா?” என்றாள்.

“மோட்டார்” என்றேன்.

“பேரிங் போயிருக்கும்” என்றார் பையனின் தந்தை. பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போய், மோட்டாரைப் போட்டேன். அதன் பிறகு கூடத்தில் மோட்டார் ஓசைதான் கேட்டது. என் இருக்கைக்குத் திரும்பியபோது வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பையனின் தாய் மின்விசிறியை என் பக்கம் திருப்பச் சொன்னார். நல்ல பெண்மணி.

பத்தரைக்குத் தட்டு மாற்றினோம். வைகாசியில் திருமணம் என்று நாள் குறித்தார்கள். சாப்பாடு பரிமாறினோம். பதினொரு விருந்தினர், நாங்கள் மூவர். எல்லாரும் கை கழுவினார்கள். கழிவறைக்கும் போய்வந்தார்கள். எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் எங்கும் தேங்கவில்லை, அப்படியே இறங்கிவிட்டது. சந்திரா ஒவ்வொரு முறையும் போய்ப் பார்த்துவிட்டு வந்து, என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். இறங்கிய தண்ணீர் எங்கே போகிறது என்று அவளுக்குத் தெரியாது. பாவாடை வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டதாகச் சொல்லியிருந்தேன். அவளை இதில் சேர்க்காதீர்கள்.

புறப்படும்போது பையனின் தாய் வாசலில் நின்று, “வீட்ட எவ்ளோ சுத்தமா வச்சிருக்கீங்க” என்று சந்திராவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

வேன் போனபோது மணி பன்னிரண்டு பத்து. மோட்டாரை நிறுத்தினேன். ஓசை எதுவும் இல்லை. பன்னிரண்டு இருபதுக்குத் தீயணைப்பு நிலையத்தை அழைத்தேன். நான் உள்ளே விருந்தினரோடு இருந்தபோது தோட்டக்காரர் எனக்குத் தெரியாமல் இறங்கிவிட்டதாகச் சொன்னேன். அவருக்குத் தண்ணீரோ கசடோ புதிதல்ல, துணிச்சல் அதிகம் என்றும் சேர்த்துச் சொன்னேன். அவர் துணிச்சல்காரர் அல்லர். தாளைப் பார்த்த பிறகுதான் இறங்கினார்.

அவரை வெளியே எடுத்தபோது அவருடைய மனைவி பட்டம்மாள் வந்துவிட்டார். முந்திரி உடைக்கும் வேலையிலிருந்து நேராக வந்தவர், விரல்களெல்லாம் கறை. கூட்டம் என்னைக் காட்டிப் பேசியபோது அவர் தடுத்தார். “சார் அப்படியெல்லாம் வுட மாட்டாரு. சேப்டி சாரு அவரு” என்றார். பிறகு என்னிடம், “நீங்க பக்கத்துல இல்லாத நேரம் பாத்து எறங்கிட்டாரா சார்?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். கணவரின் தலையைத் திருப்பி, “ஒனக்கு இன்னாயா அவ்ளோ அவசரம்” என்று அவரைத் திட்டினார். அன்று நான் கேட்டவற்றுள் தாங்க முடியாதது அது. தட்டும் ஓசையைவிட.

மருத்துவர் அறிக்கையை நீங்கள் வாசித்துக் காட்டினீர்கள். நுரையீரலில் கழிவுநீர். விரல் நகங்கள் பெயர்ந்திருந்தன. வாயு அவரைக் கொல்லவில்லை, மயக்கியது, அவர் தெளிந்தார், நீர் ஏறியது என்று அதிலிருந்து பெறப்படுகிறது. எப்போது என்று அறிக்கை சொல்லவில்லை. கேசரிக்கும் சாப்பாட்டுக்கும் இடையில் என்று நான் கருதுகிறேன்.

ஆகவே என் ஒப்புதல் இது. காற்றை அளக்காமல் அளந்ததாக எழுதினேன். இறங்கச் செய்தேன். மூடினேன். ஓசையை அறிந்துகொண்டே மோட்டாரைப் போட்டேன். இவற்றை எவருடைய வற்புறுத்தலும் இன்றி எழுதுகிறேன். தண்டனையைக் குறைக்குமாறு கேட்கவில்லை.

ஒன்றை மட்டும் நான் எழுதியவாறே பதிவு செய்யுமாறு வேண்டுகிறேன். மூடிக்கல்லை இழுத்த அந்த நேரத்தில், அவர் இறந்துவிட்டார் என்றே நான் நம்பினேன். அவருடைய வலக்கை நீரிலிருந்து என் பக்கமாக உயர்ந்தது உண்மை. அதை உடலின் கடைசித் துடிப்பு என்று எடுத்துக்கொண்டேன். உயிரோடிருப்பவரை மூடுகிற மனிதன் நான் அல்லன். என் நம்பிக்கையை ஐயுற உங்களுக்கு ஒரு காரணம் இருப்பதாக அறிகிறேன்: மாடி ஜன்னலில் நின்ற காயத்ரி, கல்லை இழுக்கும்போது நான் குழிக்குள் பார்த்து ஏதோ பேசியதாக உங்களிடம் சொல்லியிருக்கிறாள். அவள் சொன்னது சரி. என்ன சொன்னேன் என்பது அவளுக்குக் கேட்டிருக்காது; ஆகையால் நானே எழுதிவிடுகிறேன்.

“பத்து நிமிஷம் பொறுத்துக்கோ பாவாடை, இவங்கள உக்கார வச்சிட்டு வந்துடறேன்” என்றேன்.